கண்ணைக் கட்டி வானத்தில் விட்டால்...

உங்கள் ஆபீஸில் சுழல் நாற்காலி இருக்கிறதா? அப்படியானால் ஒரு சின்ன விளையாட்டு. அதில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். கால் தரையில் படக் கூடாது. கண்களை இறுக மூடிக்கொள்ளுங்கள். பக்கத்து சீட் நண்பரைக் கூப்பிட்டு, நாற்காலியை மெதுவாக, ஒரே சீரான வேகத்தில் வலது பக்கமாகச் சுற்றச் சொல்லுங்கள். (மேனேஜர் வரும் நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு!)

முதலில், 'வலது பக்கம் சுற்றுகிறேன்' என்று சரியாகச் சொல்வீர்கள். இருபது விநாடி போல ஆனதும், 'நின்றுவிட்டது' என்பீர்கள். எங்கே நின்றது? சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது! இப்போது நண்பர் நாற்காலியை நிஜமாகவே பிடித்து நிறுத்தினால், 'அய்யய்யோ, ஏன் இடது பக்கம் சுற்றுகிறாய்?' என்று அலறுவீர்கள். கண்ணைத் திறந்தால்... நாற்காலி தேமே என்று நிற்கும்!

1926-ல், அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில், கிரிஸ்ஸி ஃபீல்டு என்ற ராணுவ விமானதளத்தில் இந்த விளையாட்டில் ஒருவர் தோற்றுப்போனார். பெயர் வில்லியம் ஆக்கர். கத்துக்குட்டி இல்லை... வருடக்கணக்கில் விமானம் ஓட்டிய ராணுவ விமானி. மருத்துவப் பரிசோதனைக்குப் போனவரை, டேவிட் மையர்ஸ் என்கிற ராணுவ டாக்டர் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார். 'எந்தப் பக்கம்?' என்று டாக்டர் கேட்கக் கேட்க, ஆக்கர் தப்புத் தப்பாகச் சொன்னார்.

வேறு யாராவதாக இருந்தால் அசடு வழியச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆக்கர் மனசில் சுரீரென்றது. தானே ஒரு பெட்டி செய்துகொண்டு திரும்பி வந்தார். உள்ளே, விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் ஒரு கருவி, ஒரு திசைகாட்டி, வெளிச்சத்துக்கு ஒரு டார்ச் லைட். அவ்வளவுதான். பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். 'இப்போது சுற்றுங்கள் டாக்டர்!'

எல்லா பதிலும் கரெக்ட்!

'இதில் என்ன பிரமாதம்?' என்கிறீர்களா? அந்த நாளில் விமானிகள் மேகத்துக்குள் போவதும், சில நிமிடங்களில் மேகத்தின் அடியிலிருந்து விமானம் தலைகுப்புற வந்து விழுவதும் சர்வசாதாரணம். என்ன காரணம் என்று யாருக்கும் உறைக்கவில்லை. நல்ல விமானி என்றால், உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஏற்படும் அழுத்தத்தை வைத்தே விமானம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவான் என்பது அந்தக் கால நம்பிக்கை. பச்சையாகச் சொன்னால், பின்புறம் சொல்வதைக் கேட்டு ஓட்டுவது!

அந்தப் பின்புறமும் காதும் சேர்ந்து பொய் சொல்கின்றன என்பதைத்தான் ஆக்கரின் பெட்டி போட்டு உடைத்தது.

நம் காதுக்குள்ளே, ரொம்ப உள்ளே, மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் குழாய் திரும்பும். திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்த இழுபறியில், உள்ளே இருக்கும் நுண்ணிய முடிகள் வளைந்து மூளைக்குத் தகவல் அனுப்பும். பிரமாதமான ஏற்பாடுதான், தரையில் நடக்கிறவனுக்கு! ஆனால், சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் குழாயின் வேகத்தைப் பிடித்துவிடும். முடிகள் நிமிர்ந்துவிடும். 'நின்றாச்சு' என்று மூளைக்குச் செய்தி போய்விடும்.

இப்போது, மேகத்துக்குள் ஒரு விமானி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே எங்கு பார்த்தாலும் வெள்ளை. விமானம் மெள்ள மெள்ள, காதுக்கே தெரியாத நிதானத்தில், இடது பக்கமாகச் சாய்கிறது. சாய்ந்த விமானம் வட்டமடிக்கத் தொடங்கும். வட்டமடிக்கும் வேகத்தில் உடம்பு சீட்டோடு அழுந்துவதால், நேராக உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தால்கூட சாயாது! மூக்கு லேசாகத் தாழ்கிறது. உயரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. 'ஓஹோ, கீழே போகிறோம்' என்று விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இழுக்கிறார். அங்கேதான் வினை. சாய்ந்திருக்கும் விமானத்தில் தண்டை இழுத்தால் மேலே ஏறாது, வட்டம்தான் இன்னும் இறுகும். மேலும் இழுப்பார்... மேலும் இறுகும். விமானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'கல்லறைச் சுழல்'!

கார்ல் கிரேன் என்ற இளம் விமானிக்கு 1925-ல் இது நேர்ந்தது. டெட்ராய்ட் நகரத்துக்கு மேலே மேகத்தில் மாட்டி, சுற்றிச் சுற்றி இறங்கி, ஒரு பெரிய ஹோட்டல் கட்டடத்தை மயிரிழையில் தவிர்த்துப் பிழைத்தார். 'எனக்கு ஏன் இப்படி ஆயிற்று?' என்று அவர் கேட்டதற்கு எவரிடமும் பதில் இல்லை. பிற்பாடு ஆக்கரைச் சந்தித்தபோதுதான் பதில் கிடைத்தது. இருவரும் கூட்டணி அமைத்தார்கள். ஒரு வேடிக்கை கேளுங்கள்... பறவைகளுக்கு இந்தக் குழப்பம் வருமா என்று பார்க்க, புறாக்களின் கண்ணைக் கட்டி விமானத்திலிருந்து பறக்கவிட்டார்கள். பிறவியிலேயே பறக்கத் தெரிந்த ஜீவன்! அதுவோ நேராகப் பறக்க முடியாமல் தடுமாறி, சிறகுகளை மேல்நோக்கி விரித்து வைத்துக்கொண்டு, பாராசூட் மாதிரி இறங்கிவிட்டது. புறாவுக்கு இருந்த புத்தி அன்றைய விமானிகளுக்கு இல்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்!

பல வருடம் கழித்து, 1954-ல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முறையாகவே கணக்கு எடுத்தார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே விமானத்தைக் கோட்டை விட்டார்கள். 19 பேர் அந்தச் சுழலில் விழுந்தார்கள். மிச்சம் ஒருவர் மூக்கைத் தூக்கித் தூக்கி வேகம் இழந்து விழுந்தார். (பக்கத்தில் பயிற்சியாளர் இருந்ததால் எல்லோரும் பத்திரம்.) கட்டுப்பாடு கையைவிட்டுப் போக ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை!

சரி, ஆக்கரின் பெட்டிக்குள் இருந்த அந்தக் கருவி மட்டும் எப்படி ஏமாறவில்லை? அதற்குள் இருந்தது ஒரு பம்பரம்!

சின்ன வயதில் பம்பரம் விட்டிருப்பீர்கள். வேகமாகச் சுற்றுகிற பம்பரம் லேசில் சாயாது, நின்ற வாக்கிலேயே நிற்கும். ஜைரோஸ்கோப் என்ற பெரிய பெயர் கொண்ட கருவியில் இருக்கும் இந்தப் பிடிவாதத்தைத்தான் பயன்படுத்தினார் எல்மர் ஸ்பெரி என்ற அமெரிக்கர். அவருடைய மகன் லாரன்ஸ் ஸ்பெரி படு தைரியசாலி. 1914 ஜூனில் பாரிஸ் பக்கத்தில், சீன் நதிக்கு மேலே ஒரு போட்டி. ஜைரோஸ்கோப் தானாகவே சமன்செய்யும் விமானத்தில் வந்த லாரன்ஸ், ஜனங்கள் பார்க்க இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியபடி பறந்தார். அடுத்த சுற்றில், கூட வந்த மெக்கானிக் எமில் கஷான் இறக்கைமேல் நடந்துபோய் நின்றார். விமானம் அசரவில்லை. கடைசிச் சுற்றில் ஒரு இறக்கையில் அவர், மறு இறக்கையில் லாரன்ஸ்... விமானி சீட் காலி! பரிசு 50,000 ஃபிராங்க். பாவம், அந்த லாரன்ஸ் 1923 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் விமானத்தோடு விழுந்து இறந்துபோனார். வயது 30.

பம்பரம் இருந்தது. காது பொய் சொல்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும், ஒரு விமானத்தை வெளியே எட்டியே பார்க்காமல் மேலே ஏற்றி, சுற்றி வந்து, கீழே இறக்கவும் முடியுமா? பறப்பதாவது பரவாயில்லை. தரையிறங்குவது என்பது, வேகமாக வரும் ஒரு இயந்திரத்தைப் பூமியின்மேல் வேண்டுமென்றே மோதுகிற காரியம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு எவன் செய்வான்?

செய்தவர் ஜிம்மி டூலிட்டில்.

இவரை முரட்டு சாகசக்காரர் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. தப்பில்லை. 1927-ல், விமானத்தை வெளிப்பக்கமாகவே முழு வட்டம் அடிக்க வைத்து உலகத்தை வாய் பிளக்க வைத்த முதல் ஆள் அவர்தான். ஆனால், அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1925-ல், எம்.ஐ.டி-யில் விமான இயலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 'மூடுபனியில் விமானம் ஓட்டுவது எப்படி என்று கண்டுபிடியுங்கள்' என்று பணத்தைக் கொடுத்தது குகன்ஹைம் அறக்கட்டளை. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் இருந்த மிட்செல் ஃபீல்டு விமானதளத்தில், டூலிட்டில் தலைமையில் ஒரு பறக்கும் ஆராய்ச்சிக்கூடம் உருவானது.

டூலிட்டிலுக்கு முக்கியமாக மூன்று பொருட்கள் தேவைப்பட்டன. விமானம் சாய்ந்திருக்கிறதா, மூக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று ஒரே பார்வையில் சொல்லும் கருவி ஒன்று. ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு எல்மர் ஸ்பெரியிடம் போனார். பெரியவர் தன் இன்னொரு மகனான எல்மர் ஜூனியரிடம் வேலையை ஒப்படைத்தார். பிறந்தது 'செயற்கைத் தொடுவானம்'. டயலுக்குள் ஒரு குட்டி விமானம், பின்னால் ஒரு கோடு. வெளியே தெரியாத அடிவானம், உள்ளே தெரியும்! இதோடு, பம்பரத்தால் இயங்கும் ஒரு திசைகாட்டியும் கிடைத்தது.

அடுத்தது, உயரம். அன்றைய ஆல்டிமீட்டர்களில் நூறு அடி முன்னே பின்னே இருப்பது சகஜம். வெட்டவெளியில் சரி. தரைக்குப் பக்கத்தில் நூறு அடி என்பது உயிர் விஷயம் ஆயிற்றே! பால் கோல்ஸ்மன் என்ற ஜெர்மானியர், அமெரிக்காவுக்குக் குடியேறி, கைக்காசு 500 டாலரைப் போட்டு புரூக்ளினில் கம்பெனி ஆரம்பித்தவர். கைக்கடிகாரம் போல நுட்பமான பல்சக்கரங்கள் வைத்து, சுமார் இருபது அடி வித்தியாசத்தைக்கூடக் காட்டும் ஆல்டிமீட்டர் செய்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு அவரே டூலிட்டிலோடு பறந்து சோதித்துப் பார்த்தார்.

மூன்றாவது, ரேடியோ. காக்பிட்டில் இரண்டு சின்ன உலோக நாக்குகள் அதிர்ந்துகொண்டிருக்கும். பாதைக்கு இடப்பக்கம் போனால் ஒன்று அதிகமாக அதிரும். வலப்பக்கம் போனால் மற்றது. இரண்டும் சமமாக அதிர்ந்தால் நேர்பாதை. விமானதளத்தின் விளிம்பில் ஒரு சின்ன ரேடியோ கம்பம். அதன் தலைக்கு மேலே வந்ததும் அதிர்வு அடங்கிவிடும். 'வந்தாச்சு, இறங்கு' என்று அர்த்தம்.

இதெல்லாம் தயாராகிக்கொண்டிருந்தபோதே, 1929 மார்ச்சில் ஒரு கூத்து. பஃபலோவிலிருந்து வேறொரு விமானத்தில் இரவு திரும்பிய டூலிட்டிலை மூடுபனி சூழ்ந்துகொண்டது. எந்தத் தளத்திலும் இறங்க முடியவில்லை. பெட்ரோலோ தீர்ந்துகொண்டிருக்கிறது. கடைசியில், நியூஜெர்சியில் வேண்டுமென்றே இறக்கையை ஒரு மரத்தில் மோதவிட்டு வேகத்தைக் குறைத்துக் கீழே விழுந்தார். ஒரு கீறல் இல்லை! ஆராய்ச்சி விமானத்தின் கருவிகள் அந்த விமானத்தில் இல்லையே என்பதுதான் அவருடைய ஒரே வருத்தம்.

1929 செப்டம்பர் 24. விடியற்காலை. மிட்செல் ஃபீல்டில் கெட்டியான மூடுபனி. அன்றைக்கு எல்லோரையும் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தது டூலிட்டிலின் திட்டமே இல்லை! கல் குவாரி நடத்திய ஒருவர், ராட்சத அடுப்பு மாதிரி ஒன்றை வைத்துச் சூட்டால் பனியை விரட்டிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டிருந்தார். பனிக்காகக் காத்திருந்த அடுப்பைப் பற்றவைத்தார்கள். தகதகவென்று எரிந்தது. பனி? ம்ஹூம், அசையவே இல்லை.

'வந்ததுதான் வந்தோம்...' என்று டூலிட்டில் விமானத்தைக் கிளப்பினார். பனிக்குள் தன்னந்தனியாக ஏறி, ஒரு சுற்று சுற்றி, இறங்கிவிட்டார். பிறகு, ஹேரி குகன்ஹைம் வந்து சேர்ந்தார். பனி விலக ஆரம்பித்திருந்தது. எனவே, முறைப்படியான சோதனைக்கு டூலிட்டில் உட்காரும் பின் காக்பிட்டை முழுசாக மூடிவிட்டார்கள். முன் காக்பிட்டில், ஆபத்துக்கு உதவ லெப்டினன்ட் பென் கெல்சி. தான் எதையும் தொடவில்லை என்று காட்ட, கீழே இருப்பவர்களுக்குத் தெரியும்படி கைகளை வெளியே வைத்துக்கொண்டார். அந்த மூடிய இருட்டுக்குள்ளிருந்து, டயல் வெளிச்சத்தை மட்டும் பார்த்து டூலிட்டில் விமானத்தை ஏற்றினார். ஆயிரம் அடி. திரும்பினார். தளத்தைக் கடந்துபோய் மறுபடி திரும்பினார். ரேடியோ நாக்குகள் சமமாக அதிர, 200 அடிக்கு இறங்கி, கம்பத்தைக் கடந்து, அப்படியே சரிந்து வந்து தரையைத் தொட்டார். மொத்தம் 15 நிமிடம். வரலாற்றில் முதல் முறையாக ஒரு விமானி வெளியே எதையும் பார்க்காமல் ஏறி, பறந்து, இறங்கிய 15 நிமிடம்! தரையிறக்கம் அவ்வளவு நேர்த்தியாக அமையவில்லை என்று பிற்பாடு அவரே குறைபட்டுக்கொண்டார். மனுஷருக்குப் பேராசை!

இவ்வளவு தெரிந்த பிறகும் அமெரிக்க ராணுவம் பாடம் படிக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1934 பிப்ரவரியில், தனியார் கம்பெனிகளிடமிருந்து தபால் விமானங்களைப் பிடுங்கி ராணுவத்திடம் கொடுத்தார் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். கடும் குளிர்காலம். பனி, புயல். ராணுவ விமானிகளில் பலருக்குக் கருவிகளைப் பார்த்து ஓட்டும் பயிற்சியே சரிவர இல்லை. சில வாரங்களில் ஒரு டஜன் பேர் செத்தார்கள். அதன் பிறகுதான், எட்வின் லிங்க் என்ற ஆர்கன் தயாரிப்பாளரின் மகனுக்கு ராணுவத்தின் கதவு திறந்தது. அப்பாவின் இசைக்கருவிப் பட்டறையில் கிடந்த துருத்திகளை வைத்து, தரையிலேயே ஆடி அசையும் பொம்மை விமானம் ஒன்றை அவர் செய்திருந்தார். அதுவரை அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்! 1934-ல் ராணுவம் ஆறு பொம்மைகள் வாங்கியது. ஒன்று 3,500 டாலர். இன்றைய சிமுலேட்டர்களுக்கு எல்லாம் தாத்தா அதுதான்.

1938 ஜனவரியில் பயணிகள் விமானம் ஒன்று, பிட்ஸ்பர்க்கில் பனிப்புயலுக்கு நடுவே, இப்போது 'ஐ.எல்.எஸ்' என்கிறோமே, அந்த ரேடியோ வழிகாட்டியை மட்டும் நம்பி இறங்கியது. அந்த ஐ.எல்.எஸ்., டூலிட்டிலின் உலோக நாக்குகளுக்குப் பேரன்தான். ரன்வேயின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ரீங்காரம், அந்தப் பக்கம் இன்னொரு ரீங்காரம். சமமாகக் கேட்டால் நேர்பாதை. மேல் கீழுக்கும் அதே சூத்திரம், சுமார் மூன்று டிகிரி சரிவில். சாதாரண வகை ஐ.எல்.எஸ்-ஸில், 200 அடிக்கு வந்தும் ரன்வே விளக்குகள் தெரியாவிட்டால் விமானி மறுபேச்சு பேசாமல் மேலே ஏறிவிட வேண்டும். போகியன்று சென்னையில் ஏகத்துக்கும் புகை போட்டு, மீனம்பாக்கத்துக்கு வந்த விமானங்களைப் பெங்களூரு பக்கம் திருப்பி அனுப்பினோமே, அதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஆக, உடம்பை நம்பாதே, டயலை நம்பு. 1926-லிருந்து விமானிகள் மண்டையில் ஏற்றிய பாடம் இது. சரி... டயலே பொய் சொன்னால்?

1978 ஜனவரி 1. புத்தாண்டு இரவு. பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா'. அந்த கம்பெனி வாங்கிய முதல் ஜம்போ ஜெட். 190 பயணிகள், 23 ஊழியர்கள். கடலை நோக்கி ஏறிய விமானம் லேசாக வலது பக்கம் திரும்பி, மறுபடி நேரானது. கேப்டனுக்கு முன்னால் இருந்த செயற்கைத் தொடுவானம் மட்டும் நேராகவில்லை. வலது பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால்? நகரத்தின் விளக்குகள் பின்னால் போய்விட்டன. முன்னால் கறுப்புக் கடல், கறுப்பு வானம். நிஜ அடிவானம் என்று ஒன்று இல்லவே இல்லை.

அனுபவசாலியான கேப்டன், கற்றுக்கொடுத்தபடியே டயலை நம்பி இடது பக்கம் சாய்த்தார். டயல் அசையவில்லை. மேலும் சாய்த்தார். துணை விமானியின் கருவி உண்மையைத்தான் காட்டியது. ஆனால், அது காட்டிய சாய்வு அவ்வளவு விபரீதமாக இருந்ததால், அதுவும் கெட்டுவிட்டதாகவே அவர் நினைத்தார். பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினீயர், 'அதை நம்பாதீர்கள்' என்று எச்சரிக்கவும் செய்தார். அதற்குள் விமானம் பக்கவாட்டில் கவிழ்ந்தேவிட்டது. தரையைவிட்டுக் கிளம்பிய 101-வது விநாடி, பாந்த்ரா கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஏழு வருடம் கழித்து, 1985 பிப்ரவரி 19-ல், இதே ஜம்போ இனத்தில் இதற்கு நேர்எதிரான ஒன்று நடந்தது. தைபேயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போய்க்கொண்டிருந்த சீனா ஏர்லைன்ஸ் விமானம். 41,000 அடி உயரத்தில் ஒரு இன்ஜின் சக்தி இழந்தது. அதைச் சரிசெய்வதில் எல்லோரும் மும்முரமாக இருக்க, விமானம் மெள்ள வலது பக்கம் சாய்ந்து, கவிழ்ந்து, மேகத்துக்குள் விழ ஆரம்பித்தது. டயல்கள் எல்லாம் உண்மையைத்தான் காட்டின. கேப்டனோ, 'இப்படியெல்லாம் ஒரு ஜம்போ கவிழுமா? கருவிதான் ரிப்பேர்' என்று முடிவு கட்டினார்! இரண்டரை நிமிடத்தில் சுமார் 30,000 அடி விழுந்தார்கள். 11,000 அடியில் மேகம் முடிந்தது. எதிரே, நிஜ அடிவானம்! அதைப் பார்த்த மாத்திரத்தில் கேப்டன் விமானத்தை நிமிர்த்தினார். வால் இறக்கைகளில் பெரிய துண்டுகள் பிய்ந்துபோன நிலையில், சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். இருவருக்கு மட்டும் பலத்த காயம், 274 பேரும் உயிரோடு.

பம்பாயில் ஒரு டயல் பொய் சொன்னது, நம்பினார். இங்கே எல்லா டயலும் நிஜம் சொன்னது, நம்பவில்லை. இரண்டு காக்பிட்டிலும் மூன்றாவதாக ஒரு தொடுவானக் கருவி இருந்தது என்பதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. மூன்றையும் ஒப்பிட்டு, எந்த இரண்டு ஒத்துப்போகிறது என்று பார்க்கச் சில விநாடி போதும். அந்தச் சில விநாடி, பம்பாயில் கடைசிவரை கிடைக்கவில்லை.

இன்று பயிற்சி விமானிகளுக்கு ஒரு பாடம் உண்டு. வெளியே எதுவும் தெரியாதபடி முகத்தில் மறைப்பு மாட்டி, குனிந்து கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். பயிற்சியாளர் விமானத்தைத் தாறுமாறாகத் திருப்பி, ஏற்றி, இறக்கி, கன்னாபின்னாவென்று சாய்த்து வைத்துவிட்டு, 'ம், இப்போது நீ ஓட்டு' என்பார். மாணவன் கண்ணைத் திறக்கிற அந்த நொடியில், நேராகப் போகிறோம் என்று காது சத்தியம் செய்யும். டயலில் வானம் கீழேயும் பூமி மேலேயும் இருக்கும். கை தண்டை இழுக்கத் துடிக்கும். இழுக்கக் கூடாது. முதலில் மற்ற டயல்களையும் பார்த்துச் சரிபார்க்க வேண்டும், வேகம் ஏறினால் இன்ஜினைக் குறைக்க வேண்டும், பிறகு இறக்கைகளைச் சமன்செய்ய வேண்டும், அதற்கப்புறம்தான் மூக்கைத் தூக்க வேண்டும். இந்த வரிசை கைக்குப் பழகும்வரை, பயிற்சியாளர் திரும்பத் திரும்பக் கண்ணை மூடச் சொல்லிக்கொண்டே இருப்பார்.